எட்டரைக்கு எனக்கு வேலை இருக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண் 'போரடிக்குது' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், உடனே பதில் வரும்: "ஒனக்கென்ன கொறச்சல்?" வீடு இருக்கிறது, ஏசி இருக்கிறது, மகன் கார் வைத்திருக்கிறான், பிறகென்ன சலிப்பு என்று அர்த்தம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறையில் இருப்பவனுக்கும் மூன்று வேளைச் சோறு உண்டு. அவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

என் பெயர் இசபெல். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சிவகாசியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டு மொட்டைமாடிக்கும் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அப்பால் நடந்ததைச் சொல்கிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் முழுக்க முழுக்கச் சொர்ணலட்சுமி அக்காவின் கட்சி.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. அவர் கணவர் சீனிவாசகம், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஆரம்பித்தவர். இப்போது மகன் நவநீதகிருஷ்ணன் பார்த்துக்கொள்கிறான். கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் அக்கா நாற்பது பேருக்குச் சமைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்திருக்கிறார், லேபிள் ஒட்டியிருக்கிறார். லோடு ஏற்றும் நாளில் அவர் எப்போது சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிறகு வசதி வந்தது. சமையலுக்கு ஆள் வந்தது, துணிக்கு மெஷின் வந்தது, பெட்டி மடிக்கத் தனி யூனிட் வந்தது. "நீ ஒக்காரும்மா, போதும்" என்றான் மகன். பாசத்தோடுதான் சொன்னான். அக்கா உட்கார்ந்தார். நான்கு வருடம் உட்கார்ந்தே இருந்தார்.

சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. பதினேழு ஒயர் கூடை பின்னினார். சொந்தக்காரர் எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் வாங்க ஆளில்லாமல் அது நின்றது. சீரியல் பார்த்தார், கதை எங்கே போகும் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. கணவரின் அக்கா பொன்னுத்தங்கம் ஏற்பாடு செய்த வேனில் மூன்று நாளில் ஒன்பது கோயிலுக்குப் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒன்பது சந்நிதியிலும் கொட்டாவி வந்தது, சாமி என்ன நினைத்திருக்குமோ தெரியவில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இன்னொரு நாள் சிரிக்காமல் சொன்னார்:

"காலைல முழிப்பு வந்ததும், இன்னைக்கு எதுக்கு எந்திரிக்கணும்னு தோணுது டீச்சர்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலையில் கொஞ்சம் வாக்கிங் போங்கள் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. 'ஒனக்கென்ன கொறச்சல்' என்பதைத்தான் நானும் படித்தவள் பாஷையில் சொல்லியிருக்கிறேன்.

இங்கே மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் ஊர். ஆனாலும் ஆவணி, புரட்டாசியில் மேகம் கறுத்தால் பட்டாசுக்காரர் முகமும் கறுக்கும். வெயில் இல்லாமல் சரக்கு காயாது. இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். அக்கா வீட்டில் சீசன் முடியும்வரை மழை என்ற சொல்லே வாயில் வராது. 'அது' என்பார்கள். "சாயங்காலம் அது வந்துரும் போல" என்பார்கள், ஊரைவிட்டு ஓடிப்போன சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல.

போன வருடம் ஆடிக் கடைசியில் ஒரு மாலை, மாடியில் காய்ந்த மோர்மிளகாயை அள்ள ஓடிய அக்கா தொப்பலாக நனைந்துவிட்டார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மறுநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்தார். மாவட்ட மழை அளவுப் பட்டியலில் எங்கள் ஊருக்கு நேரே மழை இல்லை என்று போட்டிருந்தது. நான் விளக்கினேன். அளக்கும் கருவி ஊரில் வேறொரு இடத்தில் இருக்கும், அங்கே பெய்யவில்லை, நம் தெருவில் பெய்தது, இதில் யார் தப்பும் இல்லை.

"அப்போ நம்ம தெருவுல பெஞ்சது எதுலயுமே வராதா?"

வராது என்றேன்.

"நான் நனைஞ்சிருக்கேன் டீச்சர். பெய்யவே இல்லன்னு ஆயிருச்சே."

நான்கு வருடத்தில் அவர் குரலில் கோபத்தை அன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த மழைக்கு அக்கா மாடி நடுவே ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார். தண்ணீர் என்றால் குடம், அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. தெரு மறுபடி மிதந்தது. காலையில் குடத்துக்குள் ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த இடத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். இரண்டு மில்லிமீட்டர். பேப்பரில் பதினெட்டு. பேப்பர்க்காரன் இல்லாத மழையைப் போடுகிறான், பெய்த மழையை விடுகிறான் என்று இரண்டு நாள் சண்டை. தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயை இறுக மூடிக்கொண்டேன். வகுப்பில் விடையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள் நான்.

மூன்றாம் நாள் எண்ணெய் டின்னிலிருந்து தூக்குவாளிக்கு எண்ணெய் மாற்றும்போது அக்காவே கண்டுபிடித்தார். கையில் எண்ணெய் வழிய வழிய மாடிக்கு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். "கொடத்துக்கு வாய் சின்னது, வயிறு பெருசு. சின்ன வாய்ல விழுந்தது பெரிய வயித்துல பரவிப்போகும்ல. பேப்பர் சரிதான் டீச்சர், நாந்தான் மக்கு." மக்கு என்று தன்னைச் சொல்லிக்கொண்டு அப்படி முகம் மலர்ந்தவரை நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தேடிப் பிடித்தார். சின்னத் தூறலை அதில் அளக்க முடியவில்லை என்று என்னிடம் வந்தார். பள்ளியில் விளிம்பு உடைந்து ஒதுக்கிப்போட்ட நீளமான அளவுக் கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். என் உதவி அத்தோடு சரி. டப்பாவில் சரியாக ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நிரப்பி, அதைக் குழாயில் ஊற்றி, நின்ற இடத்தில் கோடு போட்டு, அந்த உயரத்தைப் பத்தாகப் பிரித்துக்கொண்டது அவர் மூளை. அச்சுப் பிழையான ஒரு புஸ்வாண லேபிளின் பின்பக்கத்தைக் கீற்றாக வெட்டி, கோடுகளை அதில் வரைந்து குழாயில் ஒட்டினார். ஒரு மில்லிமீட்டர் மழைகூட இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். நிறுத்தப்பட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும், நின்றவர் என்று சொன்னால் பொய்.

பேப்பரில் 'காலை எட்டரை மணி வரை பெய்த மழை' என்றிருந்தது. ஆகவே அக்காவுக்கும் எட்டரை. தினக்காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்புறம் அளவை எழுதி, ஒரு கம்பியில் கோத்து வைப்பார். பெய்யாத நாளிலும் ஏறுவார், பார்ப்பார், சைபர் எழுதுவார். இதற்கு எதற்கு ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். "பெய்யலன்னும் யாராவது பாத்துத்தான சொல்லணும்" என்றார்.

ஆனால் எட்டரை மணிதான் நவநீதகிருஷ்ணன் கம்பெனிக்குக் கிளம்பும் நேரம். அந்த வீட்டில் ஒரு வழக்கம். பட்டாசுக்குப் போகிறவன் பெற்றவள் முகம் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும், அவள் நிறைசெம்புத் தண்ணீரோடு எதிரே வர வேண்டும். இதை நான் கேலி செய்ய மாட்டேன். காலையில் போனவர்கள் மாலையில் வராத வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ உண்டு. அந்தப் பயம் நிஜமானது. ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு பெண் தன் நாளில் கிடைத்த ஒரே வேலையை விட வேண்டுமா? ஒன்பது மணிக்கு அளந்தால் வானம் இடிந்து விழுமா என்று மகன் கேட்டான். எட்டேகாலுக்குக் கிளம்பினால் கம்பெனி ஓடிப்போய்விடுமா என்று தாய் கேட்டார். அப்பா நல்ல நேரம் பார்த்துக் குறித்த எட்டரையை அவனால் மாற்ற முடியாது.

"என் மொகத்துல முழிச்சாத்தான் நல்லதுன்னா, நான் இருக்குற எடத்துக்கு நீ வாலே" என்றார் அக்கா. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 'அது' வந்தது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். கம்பெனியில் பாதிநாள் வேலை நின்றது, ஆர்டர் தேங்கியது. வீட்டில் எல்லோரும் துக்க வீட்டைப் போல நடமாட, அக்கா மட்டும் காலையில் துள்ளி எழுந்து மாடிக்கு ஓடினார். முப்பத்தொன்று புள்ளி ஐந்து என்ற நாளில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குழாயைத் தூக்கிக் காட்டினார், பேத்தி பரீட்சையில் முதல் வந்ததுபோல. அதைக் கீழே நின்று பொன்னுத்தங்கம் அம்மாள் பார்த்துவிட்டார். வீட்டுப் பொம்பளையே சொட்டுச் சொட்டாக எண்ணிக் கும்பிட்டு வரவழைத்தால் அது ஏன் வராது என்று அவர் கேட்டது எங்கள் வீட்டுக்குள்வரை கேட்டது.

அன்று மதியமே மாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. படி வழுக்குகிறது, அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை என்று மகன் காரணம் சொன்னான். சாவி அவன் சட்டைப்பையில் தாயில்பட்டிக்குப் போய்விட்டது. டப்பாவும் குழாயும் உள்ளே கூடத்து மூலையில் கிடந்தன.

நான் பள்ளிவிட்டு வந்தபோது அக்கா வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வாருங்கள், எங்கள் மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"என் வீட்டு மழைய நான் ஏன் டீச்சர் ஒங்க வீட்டுல அளக்கணும்?"

சொல்லிவிட்டு முற்றத்தை மறுபடி பார்த்தார். மேலே கூரையோ மரமோ இல்லாத இடம் அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்றே ஒன்றுதான். அங்கே கார் நிற்கும்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மகன் வேறு வண்டியில் மதுரைக்குப் போயிருந்தான். அக்கா டிரைவர் காசிராஜனைக் கூப்பிட்டுக் காரை எடுத்துத் தெருவில் விடச் சொன்னார். காசிராஜன் இருபது வருட டிரைவர், எதற்கு என்று கேட்காமல் எடுத்தார். பின்கட்டில் குளியலறை வேலைக்கு வாங்கி மிஞ்சிய செங்கலும் ஆலங்குளம் சிமென்ட் அரை மூட்டையும் கிடந்தன. கொண்டுவந்து போட மட்டும் அவரை விட்டார். கலவை குழைத்தது, அடுக்கியது, மட்டம் பார்த்தது எல்லாம் அக்கா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க, கார் நிற்கும் இடத்தின் நட்டநடுவில் இடுப்பளவு மேடை ஒன்றைக் கட்டினார். சாக்கைப் போட்டு மூடி அதைக் காயவிட்டார். டப்பா மேடையில் ஏறியது.

மதுரையிலிருந்து வந்த நவநீதகிருஷ்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எம்மா, இது காரு நிக்கிற எடம்."

"காரு எங்கன வேணும்னாலும் நிக்கும்."

"இதுல யாருக்கு என்ன பிரயோஜனம்? சொல்லு பாப்போம்."

நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார் அக்கா. "முப்பத்தெட்டு வருசம் ஒங்க எல்லாருக்கும் பிரயோஜனமா இருந்தேன்லே. அது போதும். இது எனக்குப் பிடிச்சிருக்கு."

எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இங்கே மனிதரை மதிப்பதே எத்தனை பரபரப்பாக இருக்கிறார் என்பதை வைத்துத்தான். பிரயோஜனம் இல்லை என்று தானாக ஒப்புக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் ஒருவரிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இடித்துவிடுகிறேன் என்றான். அதுவரை நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்த சீனிவாசகம் அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமலே, சீசன் முடியுமட்டும் இந்த வீட்டில் எதையும் இடிக்கக் கூடாது என்றார். சகுனம் பார்க்கிற வீடல்லவா. முதல்முறையாகச் சகுனம் அக்கா பக்கம் நின்றது.

அடுத்த நாள் எட்டரைக்கு நவநீதகிருஷ்ணன் கிளம்பி வெளியே வந்தபோது, தாய் நேரே எதிரில் நின்றார். கையில் குழாய், அதில் பதினொரு மில்லிமீட்டர் தண்ணீர். பெற்றவள், எதிரே, கையில் தண்ணீர். வழக்கத்தில் பொன்னுத்தங்கம் அம்மாளாலேயே ஒரு குறை சொல்ல முடியாது. அவன் தெருவரை நடந்துபோய், காக்கை எச்சம் பட்ட காரில் ஏறினான்.

இரண்டு நாள் கழித்து மழை நின்றது. கம்பெனிக்குக் கொண்டாட்டம். சரக்கு காயத் தொடங்கியது. ஆனால் மழை இல்லையென்றால் குழாயில் என்ன இருக்கும்? தொழில் நன்றாக நடக்கும் நாளில் பெற்ற தாய் வெறும் பாத்திரத்தோடு எதிரே நின்றார். முதல் நாள் அவன் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இரண்டாம் நாள், வெறும் டப்பாவோடு எதிரே வராதே என்று கெஞ்சினான். பெய்யாவிட்டால் சைபர்தான், சைபரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்றார் அக்கா.

மூன்றாம் நாள் அவன் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எட்டு மணிக்கே வெளியே வந்து, அங்குமிங்கும் பார்த்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து டப்பாவுக்குள் ஊற்றிவிட்டு உள்ளே போனான். முப்பத்தைந்து வயது முதலாளி.

எட்டரைக்கு அக்கா வந்தார். டப்பாவைத் தூக்கியதும் நின்றார். வானத்தைப் பார்த்தார், துடைத்துவிட்டதுபோல் இருந்தது. டப்பா ஓரம் காய்ந்திருந்ததைப் பார்த்தார். வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். தண்ணீரை அப்படியே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். இடுப்பிலிருந்து காலண்டர் தாளை எடுத்துச் சைபர் எழுதினார்.

"என் மொகத்துல முழிக்கணும்னு நெனைக்கியே, அது எனக்குச் சந்தோசந்தான்" என்றார். "பொய்யில முழிச்சிட்டுப் போகாதலே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு சட்டைப்பைக்குள் கைவிட்டு மாடிச் சாவியை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தான்.

சாவி கிடைத்ததும் அக்கா மேடையை இடித்துவிடுவார், கார் உள்ளே வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அக்கா கடைத்தெருவுக்குப் போய் அதே அளவில் இன்னொரு டப்பா வாங்கி வந்தார். ஒன்று மாடியில், ஒன்று மேடையில். அடுத்த மழையில் மாடியில் ஆறு புள்ளி இரண்டு, கீழே ஆறு புள்ளி எட்டு. ஒரே வீடு, ஒரே மழை, எப்படி இரண்டு அளவு வரும்? மாடிக் காற்று சாரலைத் தள்ளிக்கொண்டு போகிறதா, கீழே சுவரில் பட்டுத் தெறிக்கிறதா? எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா இப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் எழுதுகிறார்.

நவநீதகிருஷ்ணன் தினமும் எட்டு இருபத்தைந்துக்கு மாடி ஏறி வருகிறான். மூச்சு வாங்க நின்று தாய் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான். நிறைசெம்பு படிக்கட்டின் கீழ் ஜன்னலில் இருக்கிறது, அவனே எடுத்துப் பார்த்துக்கொள்கிறான். கார் தெருவில்தான் நிற்கிறது.

போன மாதம், சித்திரை வெயிலில், பொன்னுத்தங்கம் அம்மாள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். நான்கு நாள் வேன், பதினோரு கோயில், ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாற்பது நாளாக ஒரு சொட்டு இல்லை. கம்பியில் வரிசையாகச் சைபர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், காய்ந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"வெறும் டப்பாவக் காத்துக்கிட்டு இங்கன என்ன பண்ணப் போற சொர்ணம்? பேசாம கெளம்பி வா."

அக்கா டப்பாவுக்குள் விழுந்திருந்த வேப்பஞ்சருகை விரலால் எடுத்துப் போட்டார். டப்பாவைத் துடைத்து அதே இடத்தில் திருப்பி வைத்தார்.

"எனக்கு நேரமில்ல மதினி" என்றார். "எட்டரைக்கு வேலை இருக்கு."